ஜாபர் பாய் தட்டிய பட்டன்

ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று சமமாக வந்து நின்றபோதுதான் ஜாபர் சாதிக்குக்குக் கை அரிக்க ஆரம்பித்தது.

அதுவரை மனுசன் ஒழுங்காகத்தான் இருந்தார். பாம்பன் கடைத்தெருவில் பதினோரு வருசமாக 'சுஹா கம்ப்யூட்டர்ஸ்' நடத்துகிறவர். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட் எல்லாம் உண்டு. ஒரு பாரத்தில் ஒரு எழுத்துப் பிசகினாலும் தன் செலவில் திருப்பிப் போட்டுக் கொடுப்பார். "ஜாபர் பாயா? தப்புத்தண்டாவுக்குப் போகாத மனுசன்" என்று கடைத்தெருவே சொல்லும். அதைக் கேட்டும் கேளாத மாதிரி அவர் தாடியைத் தடவிக்கொள்வார். அதில் ஒரு சின்ன சுகம்.

அப்பேர்ப்பட்டவருக்குச் சோதனை அவர் பெற்ற மகள் வழியாக வந்தது. சுஹா ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் இரண்டாம் வருசம் படிக்கிறாள். சதுரங்கம் ஆடுகிற புரோகிராம் ஒன்றைத் தானே எழுதி, 'சீலா' என்று மீன் பேரை வைத்திருந்தாள். அதே வகுப்பில் படிக்கும் தர்சிகன், மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வருகிற பையன், அவனும் ஒன்று எழுதி 'திருக்கை' என்று பேர் வைத்திருந்தான். சென்னையில் நடக்கப்போகும் போட்டிக்குக் கல்லூரியிலிருந்து ஒன்றுதான் போகலாம்.

"ரெண்டையும் ஒரே கம்ப்யூட்டர்ல ஒண்ணுக்கொண்ணு மோத விடுங்க. எட்டு ஆட்டம். கூட ஜெயிக்கிறது சென்னைக்குப் போகட்டும்" என்று பேராசிரியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வேறு வேறு கம்ப்யூட்டர் என்றால் ஒன்று வேகம், ஒன்று மெதுவு என்று தகராறு வரும். லேபில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்ததால் ஜாபர் பாய் கடைதான் என்று முடிவாயிற்று. யார் நடுவர் என்ற கேள்வி வந்தபோது, "சுஹாவின்ர வாப்பாவே இருக்கட்டும். பிறகென்ன பயம்?" என்று சொன்னது யார் தெரியுமா? தர்சிகன்!

காலையில் ஜாபர் சாதிக்கும் அந்தப் பேச்சுக்கு ஏற்ற மாதிரிதான் நடந்துகொண்டார். தங்கச்சிமடம் செலஸ்டின் ஆதாரில் முகவரி மாற்ற வந்து, சர்வர் வேலை செய்யாததால் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விசைப்படகு டிரைவர். அன்றைக்கு நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகிற நாள் என்பதால் அவருக்கு வேறு சோலி இல்லை.

"என்ன பாய், ஆளே இல்லாமக் காய் நகருது?" என்று கேட்டார் செலஸ்டின்.

ஜாபர் சாதிக்குக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எல்லாம் உங்க கடல் கதைதான் செலஸ்டினு. கடல் ஒண்ணு. விசைப்படகுக்கு மூணு நாளு, நாட்டுப்படகுக்கு நாலு நாளு. அவுக நாள்ல நீங்க கரையில கிடப்பீக. சரிதானே?"

"ஆமா. அதான் இங்கன வந்து கிடக்கேன்."

"இந்தக் கம்ப்யூட்டரும் ஒரே கடலு. திருக்கை யோசிக்கும்போது சீலா சும்மா கிடக்கணும். சீலா யோசிக்கும்போது திருக்கை சும்மா கிடக்கணும். அடுத்தவன் நேரத்துல இது கமுக்கமா யோசிச்சா, கம்ப்யூட்டர் பலத்துல பாதியை இது தின்னுரும். அவனுக்கு மீன்பாடு கிடைக்காது."

"அடுத்தவன் நாள்ல படகை விட்ட மாதிரி."

"அதே அதே! சுஹா எழுதுனதுல அந்த வசதி இருக்கு. 'பி' எழுத்தை ஒரு தடவை தட்டுனா எதிராளி நேரத்துலயும் யோசிக்கும். இன்னொரு தடவை தட்டுனா அமந்துரும். தம்பி எழுதுனதுல அது இல்ல. அதனால இன்னிக்கு யாருக்கும் அது வேணாம்னு பேசியாச்சு. என்ன சுஹா, அமத்திட்டியா?"

"நேத்து சாயங்காலமே அமத்தியாச்சு வாப்பா," என்றாள் சுஹா.

"ஆளுக்குப் பத்து நிமிசம். ஆரம்பிங்க!" என்றார் ஜாபர் சாதிக்.

முதல் ஆட்டம் சீலாவுக்கு. இரண்டாவது திருக்கைக்கு. மூன்றாவது சீலா. நான்காவது திருக்கை. இரண்டு பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். செலஸ்டின் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துவிட்டார். கடைக்குப் பின்னாலேயே வீடு. கதவைத் தள்ளிக்கொண்டு மலிகா டீயோடு வந்தாள். வந்தவள் கணவரைக் கண்ணாலேயே ஓரமாகக் கூப்பிட்டாள்.

"என்ன நிலவரம்?"

"ரெண்டுக்கு ரெண்டு."

"அய்யோ அல்லாஹ்! அடையாறுல என் தங்கச்சிக்குப் போன் போட்டுட்டேனே. புள்ளை வருதுன்னு ரூமை ஒழிச்சுப் போட்டிருக்கா. நம்ம தெருவுல ஒரு வீடு பாக்கியில்லாமச் சொல்லியாச்சு. இழுக்கிற பை வேற வாங்கியாச்சு, சக்கரம் வச்சது."

"ஜெயிக்கிறதுக்கு முன்னாடி உன்னை யாருடி சொல்லச் சொன்னது?"

"நம்ம புள்ளை தோக்கும்னு நெனைப்பனா? இனி எந்த முகத்தை வச்சுக்கிட்டு நான் வெளிய போறது?"

"அந்தத் தம்பியும் நல்ல பையன்டி."

"நல்ல பையன்தான். யாரு இல்லன்னா? நல்ல பையன் அடுத்த வருசம் போகட்டும்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பேச்சு போகவில்லை. பிள்ளைகள் டீயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். ஐந்தாவது ஆட்டம் தொடங்க இரண்டு நிமிசம் இருந்தது. மூலையில் செலஸ்டின் தூங்குகிற மாதிரி இருந்தது. கம்ப்யூட்டரும் ஜாபர் சாதிக்கும் மட்டும் எதிரெதிரே.

ஒரே ஒரு தட்டு. திரையில் ஒரு புள்ளிகூட மாறாது, அடையாளம் காட்டுகிற மாதிரி சுஹா இன்னும் எழுதவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது? கீழே பேனா விழுந்த மாதிரி குனிந்தார். எந்த வேலை தொடங்கினாலும் பிஸ்மில்லா சொல்லித் தொடங்குகிற வாய் அதுபாட்டுக்குத் திறந்தது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, 'பி'யைத் தட்டிவிட்டார்.

தட்டிய விரலை என்ன செய்வது என்றே தெரியவில்லை. சட்டையில் துடைத்தார். காது இரண்டும் சுட்டன. ஐம்பது வயதை நெருங்குகிற காலத்தில், இருபது வயசுப் பையனை ஏமாற்றுகிறோமே என்று நினைத்ததும் டீயைத் தொடாமல் ஓரமாகத் தள்ளி வைத்தார். அந்த நேரம் பார்த்துத் தர்சிகன் உள்ளே வந்து, "அங்கிள், உங்கட டீ ஆறிப் போச்சு. சூடாக்கிக் கொண்டு வரட்டே?" என்று கேட்டுத் தொலைத்தான்.

"வேணாம் தம்பி. நான் ஆறித்தான் குடிப்பேன்," என்றார்.

சரி, பாவம் செய்தாயிற்று. பலனாவது கிடைக்க வேண்டாமா? ஐந்தாவது ஆட்டத்தில் சீலா சொதப்பு சொதப்பு என்று சொதப்பியது. குதிரையைக் கொடுத்தது, யானையைக் கொடுத்தது, கடைசியில் ராஜாவையும் கொடுத்துவிட்டுச் சுருண்டது. சுஹா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். ஜாபர் சாதிக் அவளைவிட அகலமாகப் பிளந்தார்.

தட்டியது சரியாக விழவில்லையோ? இன்னொரு தட்டுத் தட்டலாமா? முதல் தட்டு விழுந்திருந்தால் இரண்டாவது தட்டு அதை அமர்த்திவிடுமே! விரலை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டி, கடைசியில் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

ஆறாவது ஆட்டம் நடுவில் ஒரு யோசனை பிறந்தது. திருக்கை யோசிக்கும் நேரமாகப் பார்த்துக் கம்ப்யூட்டர் தலையில் ஒரு பாரத்தை ஏற்றினால்?

"செலஸ்டினு, கையில என்ன, வீட்டுப் பத்திரமா? கொடுங்க, ஸ்கேன் பண்ணி வச்சுருவோம்."

"எனக்கு ஆதார் வேலைதானே பாய்?"

"இருக்கட்டும். பத்திரமா இருக்கும்ல?"

நாற்பத்திரண்டு பக்கம். திருக்கையின் முறை வந்ததும் பட்டனை அழுத்தினார். திருக்கை என்ன செய்தது? ஒரு நொடிகூட யோசிக்காமல் டக்கென்று காயை நகர்த்திவிட்டு ஓய்ந்துவிட்டது. பாரம் முழுக்கச் சீலா தலையில் இறங்கியது. கம்ப்யூட்டர் மென்று விழுங்கியது. பதினேழாவது பக்கம் ஸ்கேன் ஆகும்போது சீலாவின் நேரம் முடிந்து, ஆட்டம் போயே போய்விட்டது.

"வாப்பா!" என்று கத்தினாள் சுஹா. "நீங்க யாரு பக்கம்?"

"நடுவருக்கு ஏதும்மா பக்கம்?" என்றார்.

தர்சிகன் எழுந்து நின்றான். "அங்கிள், இது சரியில்லை. சீலாவில பிழை இல்லை. ஸ்கேனாலதான் நேரம் போனது. இந்த ஆட்டத்தைக் கணக்கில எடுக்க வேண்டாம்."

இப்படி ஒருத்தன் நியாயம் பேசினால், அவனைவிட ஒரு படி மேலே ஏறி நிற்காவிட்டால் பதினோரு வருசப் பேர் என்னாவது? "வேணாம் தம்பி. நடந்தது நடந்ததுதான். நாலுக்கு ரெண்டு, திருக்கை முன்னால," என்று ஜாபர் சாதிக்கின் வாய் அறிவித்துவிட்டது. அறிவித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. சுஹா அவரைப் பார்த்த பார்வையில் புறங்கழுத்தெல்லாம் வேர்த்தது.

இன்னும் ஒரு ஆட்டம் போனால் சென்னை போச்சு. ஏழாவது ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சீலா ஒரு யானையை இழந்து நின்றது. ஜாபர் சாதிக் நைசாகப் பின்கதவுப் பக்கம் ஒதுங்கி மலிகாவுக்குப் போன் போட்டார்.

"மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணு."

"எதுக்கு?"

"கரண்ட் போனா ஆட்டம் செல்லாது. திரும்ப முதல்லேருந்து ஆடலாம். ஆஃப் பண்ணுடி, கேள்வி கேக்காத."

மலிகா ஆஃப் பண்ணினாள். விளக்கு போயிற்று, மின்விசிறி நின்றது, ஜெராக்ஸ் மெசின் முனகி அடங்கியது. கம்ப்யூட்டர் மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது! மேசைக்கு அடியில் ரெண்டு வருசமாகச் செத்துக் கிடந்த யூபிஎஸ் பீப், பீப் என்று கத்தியது.

"இது... இது எப்படி?" என்றார் ஜாபர் சாதிக்.

"நான்தான் அங்கிள்," என்றான் தர்சிகன், வெட்கப்பட்டுக்கொண்டு. "இஞ்ச அடிக்கடி கரண்ட் போகும் எண்டு சுஹா சொன்னவ. அதான் காலமை வரேக்க எங்கட வீட்டில கிடந்த பற்றரியைக் கொண்டு வந்து மாட்டினனான். உங்களுக்குச் சொல்ல மறந்து போனன். நீங்களே வச்சிருங்கோ, எங்களுக்குத் தேவையில்லை."

ஜாபர் சாதிக்கால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தார். அங்கே அந்தப் பற்றரி இருந்தது. கூரையைப் பார்த்தார்.

கடைக்குள் ஒரு சத்தமும் இல்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஓடும் சின்ன மின்விசிறி மட்டும் கேட்டது. மறுபடி சுவரில் சாய்ந்திருந்த செலஸ்டின் அப்போது கண்ணைத் திறந்தார். காதை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"இப்பத்தான் பாய் தெளிவாக் கேக்குது. காலையிலேருந்து சொல்லணும்னு நெனைச்சேன். முப்பது வருசமா எஞ்சின் பக்கத்துலயே படுத்து எந்திரிச்சவன் காது, தப்பாது. இந்தப் பொட்டிக்குள்ள ரெண்டு எஞ்சின் ஓடுச்சு. இந்தத் தம்பி முறை வரும்போதும் ரெண்டும் சேந்து முக்குச்சு. அடுத்தவன் நாள்ல படகை விட்டிருக்காக பாய். அது எப்பன்னா..."

"போதும் செலஸ்டினு!" ஜாபர் சாதிக் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "போதும். சொல்லாதீக. என் வாயாலயே சொல்லிடுறேன்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"நான்தான் தட்டுனேன். சுஹா அமத்தி வச்சிருந்ததை நான்தான் தட்டி விட்டேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். தம்பி, நீயும் மன்னிச்சிரு. ஸ்கேன் பண்ணுனதும் உன் நேரத்தைக் கெடுக்கத்தான். இந்தக் கரண்டு..."

கரண்ட் விசயத்தைச் சொல்லலாமா, விட்டுவிடலாமா என்று அவர் தயங்கிய அந்த நொடியில் பின்னாலிருந்து மலிகாவின் குரல் கணீரென்று வந்தது.

"என்னங்க! ஆட்டம் நின்னுருச்சா? மெயினைப் போடவா, இன்னும் கொஞ்ச நேரம் ஆஃப்லயே இருக்கட்டுமா?"

ஜாபர் சாதிக்கின் மானம் கப்பலேறிக் கரை தாண்டிப் போய்விட்டது. யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

சுஹா மெல்ல எழுந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "வாப்பா... 'பி'யைத் தட்டுனீங்களா?"

"ஆமாம்மா."

"எப்ப?"

"அஞ்சாவது ஆட்டத்துக்கு முன்னாடி."

"எத்தனை தடவை?"

"ஒரே தடவைம்மா. சத்தியமா ஒரே தடவைதான். ரெண்டாவது தடவை விரலை நீட்டுனேன், ஆனா தட்டல."

அவள் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "உங்களை யாரு வாப்பா தட்டச் சொன்னா? நான் உங்ககிட்ட வந்து கேட்டேனா? சும்மா இருந்திருக்கலாம்ல?"

ஒவ்வொரு கேள்வியும் ஜாபர் சாதிக்கின் நெஞ்சில் இறங்கியது.

தர்சிகன்தான் பேசினான். "அழாதேங்கோ சுஹா. அங்கிள், நீங்களே வாய்விட்டுச் சொல்லிட்டியள், இதுக்கு மேல என்ன இருக்கு? முதல் ஆட்டத்தில இருந்து திரும்பவும் எட்டும் ஆடுவம். 'பி' அமந்திருக்கோ எண்டு ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்திட்டுத் தொடங்குவம்."

"வேணாம்!" என்றாள் சுஹா. கண்ணைத் துடைத்தாள். "திரும்ப ஒண்ணும் ஆட வேணாம். நீயே சென்னைக்குப் போ. சாருக்கு நானே சொல்லிடுறேன்." அங்கேயே போனை எடுத்துப் பேராசிரியரிடம், "சார், திருக்கைதான் ஜெயிச்சுச்சு. நியாயமா ஜெயிச்சுச்சு சார்," என்று சொன்னாள். சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஜாபர் சாதிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்றவன் செய்த தப்புக்கு, கையில் இருந்ததை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறாளே! இந்த மானமும் ரோசமும் இவளுக்கு யாரிடமிருந்து வந்தது? நிச்சயமாகத் தன்னிடமிருந்து இல்லை. தர்சிகனை பஸ் ஏற்றிவிட நிறுத்தம் வரைக்கும் நடந்தே போனார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "சென்னையில ஜெயிச்சுட்டு வா தம்பி. வந்தா நம்ம வீட்டுலதான் சோறு," என்றார். அவ்வளவுதான் வாயில் வந்தது.

திரும்பி வந்தபோது கரண்ட் வந்திருந்தது. சர்வரும் வந்திருந்தது. செலஸ்டின் அதே மூலையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜாபர் சாதிக் அவருடைய முகவரியை அடித்தார். தங்கச்சிமடம் ரெண்டு தடவை தப்பாக விழுந்தது.

"செலஸ்டினு, இனிமே இந்தக் கடைக்கு யாரு நம்பி வருவா? பெத்த மகளே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறா. அவ அமத்தி வச்சதை ஆன் பண்ணி, அவ உழைப்பையே அசிங்கப்படுத்திட்டேனே."

செலஸ்டின் கட்டைவிரலை ரேகைக் கருவியில் வைத்து அழுத்திக்கொண்டே சொன்னார்.

"நான் சொல்ல வந்ததை முழுசாச் சொல்ல விட்டீகளா பாய்? ரெண்டு எஞ்சின் ஓடுனது மொத நாலு ஆட்டத்துல. நீங்க குனிஞ்சு என்னமோ தட்டுனீக பாருங்க, அப்பத்தான் அதுல ஒண்ணு நின்னுச்சு."